மெஷினை வளைத்தவர்

“யாருய்யா அது, மொத்த மெஷினையும் வளைச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கிறது?”

லொசலினி மேடம் போட்ட சத்தத்தில் சுவா நகரின் கடல் ஆய்வகமே திரும்பிப் பார்த்தது.

கோபத்தில் நியாயம் இருந்தது. கண்டாவு தீவில் புதுப் பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள். புயல் அலை எதுவரை ஏறும் என்று பெரிய கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொன்னால்தான் இடத்தை முடிவு செய்ய முடியும். மதியம் படகு. சாயங்காலம் ஊர்க்கூட்டம். மேடத்தின் கணக்கோ காலையிலிருந்து வரிசையில் நகராமல் நிற்கிறது.

புதிதாகச் சேர்ந்த பையன் சிதிவேனியின் மேல் அவர் பார்வை விழுந்தது.

“நீதானே?”

“இல்ல மேடம்... நான் ஒண்ணே ஒண்ணுதான் அனுப்பினேன். அது நேத்தே முடிஞ்சிடுச்சு.”

“மாட்டினா எல்லாரும் பாடற பாட்டுதான் இது! வரிசைன்னா என்னன்னு தெரியாத ஆளுங்களை எல்லாம் யார் உள்ள விடறது?”

சிதிவேனிக்குக் கண் கலங்கிவிட்டது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் விலிமோனி, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். என்னென்ன ஓடுகிறது, யாருடையது எல்லாம் கடகடவென்று வந்து விழுந்தன. உற்றுப் பார்த்தான். பிறகு ஓடுவதை நிறுத்தும் ‘எஸ்-கேன்சல்’ கட்டளையைத் தட்டினான்.

“அவன் இல்ல மேடம். தப்பு என்னோடது. சோதனைக்குன்னு ஓட விட்டேன், நிறுத்த மறந்துட்டேன்.”

“நீயா? சரியாப் போச்சு! வேலியே பயிரை மேஞ்சா?”

“மாட்டிக்கிட்டான் விலிமோனி!” என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

மேடத்தின் கணக்கு ஓட ஆரம்பித்தது. வரைபடம் வந்தது. ஊர்க்காரர்கள் ஆசைப்பட்ட மேட்டை அலை தொடவே இல்லை! மேடம் ஒரு குதி குதித்து, பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, துறைமுகத்துக்கு ஓடினார்.

படகு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விலிமோனியின் போன் அடித்தது.

“ஸ்பீக்கர்ல போடு. எல்லாரையும் கூப்பிடு.”

படகு இன்ஜின் சத்தத்தையும் மீறி மேடத்தின் குரல் கேட்டது.

“சிதிவேனி, எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டினேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்ப்பா.”

“விடுங்க மேடம். தப்பு என்னோடதுதானே?” என்றான் விலிமோனி.

“வாயை மூடு! நீ ஓட விட்டதை நீ நிறுத்தினா, ‘நீங்கள் போன வாரம் ஓட விட்ட கணக்குகள் நிறுத்தப்பட்டன’ன்னு மெஷின் எனக்கு ஏன்டா மெயில் அனுப்புது?”