ஒரே ஒரு இருமல்

டெபி இன்னும் இருமவில்லை.

ராயபுரத்தில் மாமனார் வீட்டு ஹாலில் பாய் விரித்து, எண்ணூரில் எங்கள் வீட்டிலிருந்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்த பொம்மை பிளாக்ஸ் அத்தனையையும் அவள் முன்னால் கொட்டியிருந்தேன். மகள் என்னவோ சாவகாசமாகத் தீயணைப்பு வண்டி கட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தயம் இதுதான். கொஞ்ச நேரம் அவள் இந்த பிளாக்ஸோடு விளையாட வேண்டும். இருமாவிட்டால் ஜெனியும் குழந்தையும் இன்றைக்கே என்னோடு கிளம்பிவிடுவார்கள். இருமிவிட்டால், இந்தச் சனியன் இருக்கிற வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். சொன்னவள் என் மனைவி ஜெனி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

எண்ணூரில் டெபிக்கு மாதக்கணக்கில் விடாத இருமல். வீட்டில் தூசி, பிளாஸ்டிக் வாசனை ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உண்டே. ஓர் அறை முழுக்க உண்டே. மீசை நரைக்கிற வயதில் பிளாக்ஸ் செட் வாங்கி, உட்கார்ந்து கட்டி, துண்டுக்குத் துண்டு பிடிப்பு எப்படி, கலர் ஒத்துப்போகிறதா, ஸ்டிக்கர் நேராக ஒட்டுமா என்று யூடியூபில் ரிவ்யூ சொல்கிற மனுஷன் நான். தனக்கு ரெண்டு பேரப்பிள்ளைகள், பெரியவனுக்கு மீசை இருக்கிறது என்று மாமனார் ஸ்டானிஸ்லாஸ் இந்தத் தெரு பூரா சொல்லி வைத்திருக்கிறார்.

அதுவாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். அது போதாதா? மறுநாளே ஜெனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த கொஞ்ச நாளில் இருமல் நின்றுவிட்டது.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். டப்பாவைப் பிரித்ததும் முகர்ந்து பார்க்காமல் நான் ஒரு செட்டைப் பற்றியும் பேசியதில்லை. ஒரு வாசனையும் கிடையாது. அதை நிரூபிக்கத்தான் மூட்டையோடு வந்திருந்தேன்.

டெபி வண்டியின் மேல் ஏணியைச் சொருகினாள். அது நிற்காமல் சாய்ந்தது. கீல் தொளதொளவென்று இருக்கிறது, இதை ரிவ்யூவில் சொல்லிவிட வேண்டும் என்று அந்த நேரத்திலும் புத்தி அங்கே போனது. வெட்கங்கெட்ட புத்தி.

இருமாதேடி செல்லம், இருமாதே. மாதாவே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுகிப்போன ஒரு துண்டைப் பல்லால் கடித்து இழுத்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் குவியலுக்குள் முகத்தைப் புதைக்காத குறையாகக் குனிந்து சக்கரம் தேடினாள். ஒன்றும் ஆகவில்லை.

எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சரி, நீயே ஜெயித்தாய் என்று கையை விரித்துக் காட்டிவிட்டு, துணிமணியை எடுத்து வைக்க உள்ளே போனாள். ஆட்டோ பேச மாமனார் தெருவுக்கு இறங்கினார்.

ஹாலில் நானும் டெபியும் மட்டும். அப்பாடா என்றிருந்தது.

வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து, ஊய் ஊய் என்று கத்திக்கொண்டே அவள் சுற்றிச் சுற்றி ஓடினாள். மூச்சு இரைக்கவில்லை. எங்கள் வீட்டில் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் நடந்தாலே இரைக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிளாக்ஸ் இல்லையென்றால் வேறு எது?

மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாத ஒன்று. எங்கள் மொட்டைமாடியில் காயும் துணியில் கறுப்பாகப் படிவது. ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருவது. அதற்குள்ளேயே வேலை பார்த்துப் பழகி, என் மூக்குக்கு அது தெரிவதே இல்லை.

இருமடி செல்லம், ஒரே ஒரு தடவை இருமிவிடு என்று இப்போது கெஞ்சினேன். பெற்றவன் கேட்கிற வரமா இது? அவள் ஓடிக்கொண்டே இருந்தாள்.

ஜெனியிடம் உள்ளதைச் சொல்லலாம்தான். சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். அந்தப் புகையை விடுகிற கம்பெனியின் தீயணைப்புப் பிரிவில் இருப்பவன் நான். சைரன் அடித்தால் ஓட வேண்டும், குவார்ட்டர்ஸை விட்டு வேறு எங்கும் குடிபோக முடியாது. ஒரு மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கேஸ் கசிந்து ஜனங்கள் எல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓடினார்கள். நான் உள்ளே வேலையில் இருந்தேன். இவள் மட்டும் போகவில்லை. கைக்குழந்தையையும் தன்னையும் ஈரத்துண்டால் மூடிக்கொண்டு, நான் வருகிற வரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏன்டி போகவில்லை என்று கத்தினேன். நீ கீற இடத்துலதான் நாங்களும் என்றாள்.

கெட்ட காற்றில் என்னைத் தனியாக விட மாட்டாள். பொம்மைகளோடு என்றால் விட்டுவிடுவாள்.

ஜெனி பையோடு வந்து செருப்பை மாட்டினாள்.

"இருமிச்சு ஜெனி. நீ உள்ள போனப்ப. நல்லாவே இருமிச்சு."

அவள் பையைக் கீழே வைத்தாள். டெபியை இழுத்து முதுகைத் தடவினாள். ஏதோ கோபப்படுவாள் என்று பார்த்தேன், இல்லை. போனால் போகிறது, எல்லாவற்றையும் இங்கேயே குப்பையில் கொட்டு, வீட்டில் இருப்பதையும் போய்க் கொட்டிவிடலாம், வா என்று பொறுமையாகத்தான் சொன்னாள்.

"அத்த மட்டும் கேக்காத ஜெனி. என்னால முடியாது."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் பாயில் மண்டிபோட்டு பிளாக்ஸைப் பொறுக்க ஆரம்பித்தேன். ஒன்றைக்கூட விடாமல் பொறுக்கினேன். டெபி தன் கையிலிருந்த வண்டியை நீட்டினாள். அதையும் வாங்கி மூட்டைக்குள் போட்டேன்.