வாய் திறக்காதவர்

"கிம்ச்சி ஊறுகாயைக் கடிச்சாலே ஈறுல ரத்தம் வருது. இன்னும் எத்தனை நாள்தான் தள்ளிப்போடுவீங்க?" கணவர் பியோங்ஹோவிடம் கத்தினாள் மியோங்சுக்.

"அழுத்தித் தேய்ச்சா போயிடும்."

"கல்லா இறுகின காரை பிரஷ்ஷுக்கு அசையுமா? மெஷின் வெச்சுத்தான் சுரண்டணும்னு எனக்கே தெரியுது. சின்னப் பிள்ளைங்ககூட அழாம உக்காருதுங்க, உங்களுக்கு என்ன பயம்?"

"பயம் இல்ல, வெக்கம்."

"வெக்கப்பட்டுட்டே இருந்தா பல்லு கொட்டிடும். கிளம்புங்க!"

அவர் முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துவிட்டு, எதிர்ச்சாரியில் இருந்த நாம் என்ற பல் மருத்துவரின் கிளினிக்குக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மருத்துவர் நாம் திடுக்கிட்டு எழுந்தார். "டாக்டர்! உங்க கிளினிக்கை விட்டுட்டு இங்கே எதுக்கு?"

"என் பல்லை நானே சுரண்டிக்க முடியுமா? இந்தக் கடைத்தெருவுல பல் டாக்டர்னா என்னை விட்டா நீங்கதான். சிரிச்சிடாதீங்க." பியோங்ஹோ முகக்கவசத்தைக் கழற்றினார்.

மருத்துவர் நாம் சிரிக்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு, நோயாளி நாற்காலியில் தானே ஏறிப் படுத்துக்கொண்டார்.

மியோங்சுக் தலையில் அடித்துக்கொண்டாள்.

"முதல்ல என் வாயைப் பாருங்க, டாக்டர். உங்ககிட்ட எப்படி வர்றதுன்னு வருஷக்கணக்கா முழிச்சிட்டிருக்கேன்."