கொடிவேரியில் சொன்ன பெயர்

குழந்தை அவள் கையில் இருந்தது.

யாருடையது என்று தெரியாது. எட்டு மாதம் இருக்கும். தலையெல்லாம் ஈரம். பூப்போட்ட கவுன்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால் பச்சைச் சுடிதார் போட்ட சின்னப் பெண் ஒருத்தி, "அக்கா, சித்த புடிங்க, செருப்பு தண்ணியில போகுது" என்று குழந்தையைத் திணித்துவிட்டுப் படியிறங்கி ஓடியிருந்தாள்.

மே மாத ஞாயிற்றுக்கிழமை. தடுப்பணையில் விழுகிற தண்ணீருக்கு அடியில் பாதித் திருப்பூர் நின்றுகொண்டிருந்தது.

குளித்துவிட்டு மீன் கடை ஓரமாக நின்ற அவளுக்குக் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று முதலில் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது. இடுப்பில் சாய்த்துக்கொண்டது.

குழந்தை அவளுடைய தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் வைத்தது.

கடையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அவள் கணவன் பூபதி, தட்டோடு திரும்பினான். பார்த்தான். யாருது என்று கேட்கவில்லை.

மீன்கார அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"கண்ணு அப்படியே அப்பன் சாடை. பாப்பாவுக்குப் பேரு என்னுங்க?"

எங்க குழந்தை இல்லீங்க. சொல்வதற்கு அவள் வாயெடுத்தாள்.

"தாமரைங்க" என்றான் பூபதி.

யோசிக்கவில்லை. தினமும் கூப்பிடுகிற பேரைச் சொல்வதுபோலச் சொன்னான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த தட்டு சாய்ந்து எலுமிச்சைத் துண்டு கீழே விழுந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

சுடிதார்ப் பெண் மூச்சிரைக்க வந்தாள். கையில் ஒற்றைச் செருப்பு.

"ஒண்ணு போயே போச்சுக்கா. அழுதாளா? வாடி ரித்திகா."

குழந்தை போய்விட்டது. அவள் இடுப்பில் சின்னதாக ஒரு சூடு மட்டும் இருந்தது. காற்றுப் பட்டதும் அதுவும் போனது.

மீன்கார அம்மா போகிற பெண்ணைப் பார்த்தாள். பூபதியைப் பார்த்தாள். பிறகு சட்டியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை அவள் பக்கம் தள்ளினான். பன்னிரண்டு வருடமாகச் செய்வதுதான். இன்று அதைக்கூட எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

கோபியில் பஸ் மாறினார்கள். ஜன்னலில் அனல் அடித்தது. அவன் தூங்கினான். அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஈரோட்டு ஆஸ்பத்திரியில் மூன்றாம் தடவையும் கரு தங்கவில்லை என்று சொன்ன அன்று, "போதுங்க. இனி என்னால ஆகாது" என்றாள்.

"சரி" என்றான்.

அவ்வளவுதான். மறுநாள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான்.

விட்டது தொல்லை என்கிற 'சரி' அது. அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் கடைசியில் அதைத்தான் எடுத்து வீசுவாள். "உங்களுக்கென்ன, சரின்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க." அவன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. சொல்லாததாலேயே அது உண்மை என்று ஆகிவிட்டது.

இப்போது கோபமாக இருக்கிறதா என்று யோசித்தாள். இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்த மனுசன் அவளுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையை வைத்திருந்திருக்கிறான். பேரோடு. பக்கத்திலேயே படுத்திருந்தவளை வெறும் கையோடு விட்டுவிட்டு.

பெருமாநல்லூர் தாண்டும்போது அழுகை வருவதுபோல இருந்தது. வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை வாளியில் போட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. கூப்பிடாமலே அவனும் கிளிப் டப்பாவோடு பின்னால் வந்தான்.

அவள் போடப் போட அவன் கிளிப் மாட்டினான்.

"அந்தப் பேரு..." என்றாள்.

அவன் துண்டை உதறினான். அது முன்பே உதறிய துண்டு.

"எப்ப வச்சீங்க?"

"மொதத் தடவ உனக்கு ஊசி போட ஆரம்பிச்சாங்கல்ல. அப்ப."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பொறந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்." டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினான். "அப்புறம் நீ போதும்னுட்ட. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

பக்கத்து மாடியில் யாரோ வடகத்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொண்ணுதான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது." கொடியில் கிடந்த துண்டின் ஓரத்தை நீவினான். "பையனுக்கும் ஒண்ணு இருக்குது."

இருந்தது என்று சொல்லவில்லை. இருக்குது என்றான்.

வாளியில் கடைசியாக அவன் சட்டை கிடந்தது. எடுத்தாள். அதைக் கொடியில் போடுவதா, அவன் மேலேயே வீசுவதா, முகத்தில் வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் சொட்டிக் கால் நனைந்தது.

மாடித் தரையில் பகல் சூடு இன்னும் ஆறவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.