டோல் ரோட்டில் நாற்பத்திரண்டாவது கிலோமீட்டர்

“டோல் ரோட்டுக்குள்ள எங்க மீட்பு வண்டி வரக்கூடாது சார். டோல்காரங்க வண்டிதான் உங்க காரை இழுத்துட்டு வரணும்” என்றாள் கார் பழுது உதவி மையத்தில் போனை எடுத்தவள்.

“அவங்க வர ஒரு மணி நேரம் ஆகுமாம். ஆம்புலன்ஸும் தூரத்துல இருக்காம். என் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சு மேடம்!”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“ரெண்டு பேரும் கார்லேருந்து இறங்கி, தடுப்புக் கம்பிக்கு வெளியே நில்லுங்க. எத்தனையாவது கிலோமீட்டர்?”

“நாற்பத்திரண்டு. வரவே மாட்டீங்க, அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?”

ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டு, துடித்துக்கொண்டிருந்த மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி கம்பிக்கு வெளியே நின்றான். போகிற லாரிகளைப் பார்த்துக் கையாட்டினான். ஒன்றும் நிற்கவில்லை.

கால் மணி நேரத்தில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. உதவி மையச் சீருடையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இறங்கி ஓடிவந்தாள்.

“கம்பெனி வண்டிக்குத்தான் தடை. இது என் சொந்தக் கார். ஏறுங்க!”

அவளைப் பார்த்ததும் அவன் மனைவி உடைந்து அழுதாள்.

“அம்மா! நான் இவரைக் கட்டிக்கிட்டதுலேருந்து ஒரு தடவைகூட எங்க போனை எடுக்கலையே நீ!”

“இன்னைக்கு எடுத்துட்டேன்ல? ஏறுடி சீக்கிரம்.”