ஆணியில் தொங்கிய பெல்ட்

குடோன் ஒன்றில் பழைய கூரையைப் பிரித்துப் புதுத் தகரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பாதுகாப்பு பெல்ட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கூரை வேலைக்காரர் தவசி காலையில் அதை இடுப்பில் மாட்டி, கம்பெனிக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார். எடுத்ததும் கழற்றி ஆணியில் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் பெல்ட் விடிந்ததிலிருந்து காத்திருக்கும்.

"இன்னிக்கு அவர் மூச்சு விடறதுகூடத் தெரிஞ்சுது" என்றது பெல்ட், பக்கத்தில் நின்ற ஏணியிடம். "நீ கொடுத்துவச்சவன். தினமும் அவரோட மேல போறே."

"நான் கூரை விளிம்போட சரி. அதுக்கு மேல அவர் தனியாத்தான் போறார்."

"என்னையும் கூட்டிப்போகச் சொல்லேன்."

"கேக்கிற ஆளா அவர்? நீ கூட இருந்தா வேலை ஓடலையாம்."

அன்று மத்தியானம் பழைய கூரை ஷீட் ஒன்று தவசியின் காலடியில் உடைந்தது. கீழே தரையில் வந்து விழுந்தார்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். ஏணியைப் படுக்கப்போட்டு, அதில் அவரைக் கிடத்தித் தூக்கினார்கள்.

"சரிஞ்சு விழுந்துடப் போறார், எதையாவது வச்சுக் கட்டுங்கப்பா" என்றார் ஒருவர்.

ஒரு கை ஆணியிலிருந்து பெல்ட்டை உருவியது. அவரையும் ஏணியையும் சேர்த்து அது இறுகிக்கொண்டது. மூச்சு தெரிந்தது, லேசாக.

"விட்டுடாதே" என்றது ஏணி.

அது விடவில்லை. ஆஸ்பத்திரியில் எவ்வளவு இழுத்தும் கொக்கி கழலவில்லை. கடைசியில் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டித்தான் எடுத்தார்கள்.