குழவிக் குண்டு

கலகக்காரர்களின் எல்லைக் கோட்டையைத் துரைமார் படை வளைத்த முதல் வாரமே ஒச்சாயியின் ஆட்டுக்கல் குழவி உடைந்துபோனது. மண்சுவரில் புதைந்து கிடந்த எதிரியின் பீரங்கிக் குண்டைத் தோண்டியெடுத்துக் குழவியாக்கிக்கொண்டாள். கோட்டையில் குண்டு தீர்ந்த அன்று, பீரங்கி சுடும் அவள் புருஷன் இருளப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"குடு புள்ள, படை வாசலுக்கு வந்துருச்சு!"

"செத்த இருங்க. வெறுஞ்சோத்தையா திம்பீக?"

மிளகாய்த் துவையலை வழித்தெடுத்துவிட்டுத்தான் கொடுத்தாள். கழுவ நேரமில்லை, அப்படியே சுட்டான். படை பின்வாங்கியது.

மறுநாள் அதே குண்டு திரும்பி வந்து சுவரில் புதைந்தது. ஒச்சாயி தோண்டியெடுத்து முகர்ந்தாள். வெடிமருந்து நெடியையும் மீறி, அவள் அரைக்காத தேங்காயின் வாசம்.

இருளப்பன் கைநீட்டினான். அவள் உடனே கொடுக்கவில்லை.

"பாத்துச் சுடுங்க," என்றாள். "அங்க அரைக்கிற ஆளு மேல பட்டுறப் போகுது."