கியர்பாக்ஸைக் கொன்றவர்

பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு கொலை நடந்துவிட்டது. கொலையாளியின் பெயர் சுந்தரமூர்த்தி. ஆயுதம், அவருடைய வாய்.

செத்தது பக்கத்து வீட்டு ஓஸ்வால்டின் பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ். யாராவது பிடித்து உள்ளே தள்ளியிருந்தால்கூட சுந்தரமூர்த்திக்கு நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் தள்ளவில்லை. அதனால் இந்த வியாழக்கிழமையும் தன் காரில் ஓஸ்வால்டை முன்னாலும் அவர் மனைவி மரியாவைப் பின்னாலும் உட்காரவைத்து, விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கள மாதிரி மனுஷன் இந்தக் காலத்துல யாரு சார் இருக்காங்க?" என்றார் ஓஸ்வால்ட். "என் கூடப் பொறந்தவன் ஃபோனே எடுக்க மாட்டேங்கறான்."

சுந்தரமூர்த்தி தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார். ஐ.டி. கம்பெனியில் அவர் மேனேஜர். மிச்ச நேரத்தில் அகில உலக ஆலோசகர். வாட்டர் ஹீட்டர் முதல் மூட்டு வலி வரை அவர் கருத்துச் சொல்லாத விஷயம் அந்தத் தெருவில் இல்லை. ஓஸ்வால்டின் கார் மட்டும் எப்படித் தப்பும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிமறித்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி, கேட் பக்கத்திலேயே வகுப்பெடுத்தார். "கியர்பாக்ஸ் ஆயில மாத்தி எவ்ளோ வருஷமாச்சு சார்? புது ஆயில்னா மாதுளை ஜூஸ் மாதிரி செவப்பா இருக்கும். கம்பெனி ஆயில்தான் ஊத்தணும்னு மெக்கானிக் சொல்வான், நம்பாதீங்க. எல்லா வண்டிக்கும் ஒத்துப்போற ஆயில் ஒண்ணு இருக்கு. பேர வாட்ஸாப்ல அனுப்பறேன்."

அனுப்பினார். மறுநாள் ஊற்றியாயிற்றா என்று விசாரித்தார். அதற்கு மறுநாளும் விசாரித்தார். ஓஸ்வால்ட் வாக்கிங் போகும் வழியை மாற்றிக்கொண்டபோது, அங்கேயும் போய் விசாரித்தார்.

கடைசியில் ஓஸ்வால்ட் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "மாத்தியாச்சு சார்! வண்டி சக்கத்தா ஓடுது, வெண்ணெய் மாதிரி!" அன்று சுந்தரமூர்த்தி ஒரு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்த மாதம் முடிவதற்குள், மழையில் மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்த ஓஸ்வால்டின் கார் உறுமியது, நகரவில்லை. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. அவர் ஓட்டக்கூடிய வண்டி என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

ஒர்க் ஷாப்புக்குச் சுந்தரமூர்த்தியும் கூடவே போனார். மெக்கானிக் அடியில் கழற்றிய தட்டில் தேங்கியிருந்த ஆயில் டிகாஷன் கறுப்பில், தீய்ந்த வாடையோடு கிடந்தது. 'ஊத்தி ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள இப்படிக் கரிக்கட்டையாக்கிட்டேனே' என்று உள்ளுக்குள் அலறினார்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினார். தீர்ப்பு தயாராக இருந்தது. அந்த மாடலுக்கு அதன் கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதை ஊற்றினாலும் கியர்பாக்ஸ் வழுக்கும், சூடாகும், கருகும்.

அன்றிலிருந்து பிராயச்சித்தம். வியாழன் கோயில், திங்கள் பிசியோதெரபி, நடுவில் கறிக்கடை, கல்யாணம், கண்ணாஸ்பத்திரி. "இது நம்ம வீட்டுக் காரா, அவங்க வீட்டுக் காரா?" என்று மனைவி வேதநாயகி கேட்டாள். அவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஆலோசனை சொல்வதையே நிறுத்திவிட்டார். தெரு ஆச்சரியப்பட்டு, பிறகு பழகிக்கொண்டது.

"நாளைக்கு குஜரிக்காரன் வரான் சார்" என்றார் ஓஸ்வால்ட், கார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "வண்டியப் பழைய இரும்பு வெலைக்கு எடுத்துக்கறானாம். இழுத்துட்டுப் போறப்ப நான் வெளிய வர மாட்டேன்."

பின் சீட்டில் மரியா மூக்கை உறிஞ்சினார்.

அவ்வளவுதான், சுந்தரமூர்த்தியால் தாங்க முடியவில்லை. அல்சூர் ஏரியோரம் காரை நிறுத்தினார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் கன்னடத்தில் அவருடைய வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார். அது காதில் ஏறவில்லை.

"ஓஸ்வால்ட் சார், உங்க வண்டியக் கொன்னது நான்தான்." என்றார். "தப்பான ஆயிலச் சொல்லிட்டேன். நெட்ல பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. சொன்னா என் மூஞ்சில முழிக்க மாட்டீங்கன்னு பயந்து மூடி மறைச்சேன். பெரிய மனசுல ஒண்ணும் உங்களக் கூட்டிட்டுப் போகல சார், குத்தம் பண்ணவன் கூட்டிட்டுப் போறேன். நான் சொன்னத நம்பித்தானே ஊத்தினீங்க!"

ஓஸ்வால்டின் முகம் சட்டென்று கறுத்தது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மரியா மடியிலிருந்த மெழுகுவத்திப் பொட்டலத்தைப் பார்த்தார். சுந்தரமூர்த்தி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அடிக்குத் தயாரானார்.

"நீ சொல்லு" என்றார் ஓஸ்வால்ட்.

"நீங்கதான ஆரம்பிச்சீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார் மரியா. "கோயிலுக்குப் போற வழியில இன்னொரு பொய் வேணாம்."

ஓஸ்வால்ட் தொண்டையைச் செருமினார். நாலு முறை "சார்" என்றார். பிறகு சுந்தரமூர்த்தியின் தோளில் கை வைத்தார்.

"நாங்க ஆயிலே மாத்தல சார். மாத்திட்டேன்னு சொன்னாத்தான நீங்க பேச்ச நிறுத்துவீங்க?"